நிறுத்திப் பார்த்தவர்கள்

1764-ல் நேப்பிள்ஸ் நகரத்து மருத்துவர் தொமெனிக்கோ கொதூனோ பிணங்களை நிமிர்த்தி வைத்து அறுத்தார். அதுவரை ஐரோப்பிய அறுவைக்கூடங்களில் மூளையைப் பார்க்க விரும்பியவர்கள் பெரும்பாலும் தலையை முதலில் துண்டித்துவிடுவார்கள். கழுத்து வழியாக நீர் முழுவதும் வடிந்துபோகும். அதன்பின் மண்டையைத் திறந்தால் உள்ளே வெற்று அறைகள்தான். அந்த அறைகளில் ஏதோ உயிர்க்காற்று உலவுகிறது என்ற எண்ணம் பண்டைய கிரேக்க மருத்துவர் காலனின் காலம் தொட்டுச் செல்வாக்கோடு இருந்ததற்கு இந்த வழக்கமும் துணைபோயிற்று. கொதூனோ தலையில் கைவைக்காமல், உடலை நிமிர்த்தி, இடுப்பருகே முதுகெலும்பைத் திறந்தார். தெளிந்த நீர் வழிந்தது. மூளையைச் சுற்றியும் தண்டுவடத்தைச் சுற்றியும் நிற்பது ஒரே நீர்தான் என்று எழுதி வைத்தார்.

அந்த நீர் எங்கே ஊறுகிறது? அறுபது எழுபது தலைமுறை மருத்துவர்கள் கண்முன்னே வைத்துக்கொண்டும் அதன் தொழிலைக் கவனிக்காத ஓர் உறுப்பில். கோராய்டு பிளெக்சஸ் என்று பெயர். அலெக்சாண்டிரியாவின் ஹீரோபிலஸ் கிறிஸ்து பிறப்பதற்கு முந்தைய மூன்றாம் நூற்றாண்டிலேயே அதைப் பார்த்திருக்கிறார்.

மருந்தியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். மாணவர்களுக்கு இந்த உறுப்பைப் படத்தில் காட்டினால் மனதில் நிற்காது. அதனால் கறிக்கடையில் ஆட்டு மூளை வாங்கி வரச் சொல்வேன். மேலிருந்து நடுவே பிளந்து, இரண்டு பக்க அறைகளையும் மெல்ல விரித்தால், தரையோரமாகச் செந்நிறத்தில் ஒரு சுருள் ஒட்டிக்கிடக்கும். வெளியே எடுத்தால் ஈரத்துணித் துணுக்கு மாதிரி சுருண்டு, பார்க்க ஒன்றுமில்லை. அதையே வெள்ளைப் பீங்கான் தட்டில் நீர் ஊற்றி அதில் விட்டால், மடிப்பு மடிப்பாக விரிந்து கோழிக்கொண்டைப் பூவாகிவிடும். ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் ரத்த நுண்குழாய்கள், அவற்றின்மேல் ஒற்றை வரிசையில் செல்கள். மனிதரில் இந்தச் சின்னத் திசு நாளொன்றுக்குச் சுமார் 500 மில்லிலிட்டர் நீர் சுரப்பதில் பெரும்பங்கு வகிக்கிறது. ஒரு நேரத்தில் தலைக்குள்ளும் முதுகுக்குள்ளும் இருப்பது 150 மில்லிலிட்டர் அளவுதான். ஆக, ஒரு நாளில் அந்த நீர் மூன்று நான்கு தடவை முழுக்க மாறிவிடுகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸின் மஜாந்தி இந்த நீரை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். அது வெளியேறும் துளை ஒன்றுக்கு இன்றும் அவர் பெயர்தான். ஆனால் அதைச் சுரப்பது மூளையை ஒட்டிய மெல்லிய உறை என்றே அவர் நினைத்தார். 1850-களில் ஃபேவ்ரும் லுஷ்காவும் நுண்ணோக்கியில் கோராய்டு பிளெக்சஸைப் பார்த்து, இது சுரப்பியின் அமைப்பாயிற்றே என்று சொன்னார்கள். சரியான கணிப்பு. ஆனால் தோற்றத்தைக் கொண்டு தொழிலைச் சொல்வது கணிப்பாகவே நின்றுவிடும். ஓர் உறுப்பு ஒரு வேலையைச் செய்கிறது என்று நிலைநாட்ட வேண்டுமானால், அதை நிறுத்திப் பார்க்க வேண்டும்; வேலையும் நிற்கிறதா என்று கவனிக்க வேண்டும். உடலியங்கியலும் மருந்தியலும் இந்த ஒரு வழியில்தான் வளர்ந்தன. நிறுத்துவதற்கு முதலில் கத்தி இருந்தது. மருந்து வெகுகாலம் கழித்துத்தான் வந்தது.

கத்தியை எடுத்தவர் பால்டிமோர் ஜான்ஸ் ஹாப்கின்ஸின் வால்டர் டேண்டி. 1913-ல் குழந்தை மருத்துவர் கென்னத் பிளாக்ஃபேனோடு சேர்ந்து வேலையைத் தொடங்கியபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. நாய்களின் மூளையில் மூன்றாம் அறைக்கும் நான்காம் அறைக்கும் நடுவிலுள்ள குறுகிய வழியைப் பஞ்சால் அடைத்தார்கள். மேலே இருந்த அறைகள் நீர் கோத்துப் பெருத்தன. நீர் உள்ளேதான் ஊறுகிறது, வெளியேற வழியில்லாவிட்டால் தேங்குகிறது என்பது உறுதியாயிற்று. தலை வீங்கிப் பிறக்கும் குழந்தைகளின் நோய்க்கு முதல்முறையாக ஒரு காரணம் கண்ணில் பட்டது.

அடுத்து ஒரு நாயில், ஒரு பக்க அறையின் பிளெக்சஸை மட்டும் எடுத்துவிட்டு, இரு பக்க அறைகளின் வாயையும் அடைத்தார். பிளெக்சஸ் இருந்த பக்கம் பெருத்தது. எடுத்த பக்கம் சுருங்கிப்போயிற்று. 1919-ல் வெளியான இந்தச் சோதனை ஒரே ஒரு நாயில் நடந்தது என்பதைப் பாடநூல்கள் சொல்வதில்லை. பின்னால் வந்தவர்கள் இதைத் திரும்பச் செய்தபோது அதே முடிவு கிடைக்கவில்லை.

இன்னொன்றையும் பாடநூல்கள் விட்டுவிடுகின்றன. அதற்கு ஓராண்டு முன்பே, 1918-ல், தலையில் நீர் கோத்த நான்கு குழந்தைகளுக்கு டேண்டி பிளெக்சஸை வெட்டி எடுத்திருந்தார். மூன்று குழந்தைகள் இறந்தன. வேறு எந்த மருத்துவமும் இல்லாத நோய் அது, விட்டாலும் பிழைத்திருக்க மாட்டார்கள் என்று சொல்லலாம், உண்மையும்கூட. இருந்தாலும், கோராய்டு பிளெக்சஸ்தான் நீரைச் சுரக்கிறது என்ற ஒற்றை வரியை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் அந்த மூன்று பேரையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன்.

வெட்டி எடுப்பது எவ்வளவு முரட்டுச் சாட்சி என்பது 1971-ல் தெரிந்தது. தாமஸ் மில்ஹோராட்டும் கூட்டாளிகளும் ரீசஸ் குரங்குகளில் பிளெக்சஸை நீக்கிவிட்டு நீரை அளந்தார்கள். சுரப்பு நின்றுவிடவில்லை, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்ததோடு சரி. மூளைத் திசுவிலிருந்தும் நீர் வருகிறது என்ற வாதம் அங்கிருந்து வலுப்பெற்றது. (ரீசஸ் குரங்குகள் அன்று உலக ஆய்வகங்களுக்கு ஆயிரக்கணக்கில் இந்தியாவிலிருந்து போய்க்கொண்டிருந்தன, 1978-ல்தான் ஏற்றுமதி நின்றது.) பிளெக்சஸை இருந்த இடத்தில் விட்டுவிட்டு, அதன் செல்களிடம் மட்டும் பேசும் வழி ஒன்று வேண்டியிருந்தது. அந்த வழி முற்றிலும் வேறொரு கதையிலிருந்து வந்தது.

லண்டனின் தெற்கே ஹெர்ன் ஹில்லில் மருந்து வணிகர் ஹென்றி வெல்கம் ஓர் உடலியங்கியல் ஆய்வகம் வைத்திருந்தார். 1904-ல் அங்கே வேலைக்குச் சேர்ந்த ஹென்றி டேலிடம், எர்காட்டைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள் என்றார் வெல்கம். ரை என்னும் தானியக் கதிரில் கறுப்பாக முளைக்கும் பூஞ்சை அது. பிரசவ வலியை முடுக்க ஐரோப்பிய மருத்துவச்சிகள் நெடுங்காலமாகக் கொடுத்துவந்தது. டேலுக்கு அதில் பெரிய ஆசை ஒன்றும் இல்லை. என்றாலும் அந்தப் பூஞ்சைச் சாற்றிலிருந்து அவரும் வேதியியலாளர் ஜார்ஜ் பார்ஜரும் 1910-ல் பிரித்த பொருட்களில் ஒன்று ஹிஸ்டமின். வின்டாவுஸும் ஃபோக்ட்டும் 1907-லேயே ஆய்வகத்தில் அதைத் தயாரித்திருந்தார்கள். ஆனால் அது உடலில் என்ன செய்யும் என்று யாரும் கேட்டிருக்கவில்லை. டேலும் அவருடைய கூட்டாளி லேட்லாவும் கேட்டார்கள். குடல் சுருங்கியது, கருப்பை சுருங்கியது, ரத்த அழுத்தம் சரிந்தது, கினிப்பன்றியின் மூச்சுக்குழல் இறுகி மூச்சே நின்றது. 1927-ல் டேலின் கூட்டாளிகளோடு சார்ல்ஸ் பெஸ்ட் சேர்ந்து புத்தம்புதிய கல்லீரலிலும் நுரையீரலிலும் ஹிஸ்டமினைக் காட்டியபின், இது வெளியிலிருந்து வரும் நஞ்சு அல்ல, நம் உடம்பின் சொந்தப் பொருள் என்பது தெளிவாயிற்று.

இதையெல்லாம் அவர்கள் கண்டுபிடித்த கருவிகளில்தான் நானும் கற்றேன், கற்பித்தேன். கார்ல் லுட்விக் 1847-ல் செய்த கைமோகிராஃப் உருளையும், ருடால்ஃப் மாக்னஸ் 1904-ல் புகுத்திய தனிக்குடல் முறையும் நம் மருத்துவக் கல்லூரிகளில் இருபதாம் நூற்றாண்டின் இறுதியைத் தாண்டியும் ஓடிக்கொண்டிருந்தன. பிராக்டிகல் நாள் என்றால் காலையிலேயே அட்டெண்டர் அண்ணன் வந்து உருளைகளுக்கு வழவழப்பான வெள்ளைத்தாள் சுற்றுவார். தாளின் ஓட்டு எந்தத் திசையில் விழ வேண்டும் என்பது முக்கியம். மாறி விழுந்தால் எழுதுகோல் முனை அதில் இடறிப் பதிவு கெட்டுவிடும். பிறகு புகை கக்கும் சுடரின்மேல் உருளையைச் சீராகச் சுழற்றுவார். வேகம் குறைந்தால் தாள் கருகும். கூடினால் கரி திட்டுத்திட்டாகப் படியும். அவர் கையில் எப்போதும் ஒரே மாதிரி, மெல்லிய கறுப்பு பூசியிருக்கும். அந்தக் கைப்பக்குவம் எந்தக் கையேட்டிலும் இல்லை. புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியர்களுக்கு அவர்தான் அதைச் சொல்லிக்கொடுத்தார்: "புகையைப் பார்க்காதீங்கம்மா, தாளைப் பாருங்க."

கினிப்பன்றியின் சிறுகுடல் கடைப்பகுதியில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் வெட்டி, இரு முனையிலும் நூல் கட்டி, 37 டிகிரி டைரோடு கரைசலில் தொங்கவிடுவோம். அடியிலிருந்து காற்றுக் குமிழ் வந்துகொண்டே இருக்கும். மேல்நூல் நெம்புகோலில், நெம்புகோலின் முனை கரித்தாளில். ஹிஸ்டமினை மைக்ரோகிராம் கணக்கில் விட்டதும் குடல் சுருங்கும், முனை மேலே ஏறிக் கரியில் வெள்ளைக்கோடு கீறும். முப்பது விநாடி. கழுவு. காத்திரு. அடுத்த அளவு. எல்லாம் முடிந்ததும் தாளைக் கத்தியால் அறுத்தெடுத்து, ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கில் தோய்த்துக் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டால் கரி உதிராமல் நிற்கும். மாணவர்களின் ரெக்கார்டு நோட்டில் ஒட்டிய அந்தத் துண்டுகள் பல வருடங்கள் கழித்தும் அப்படியே இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

தேர்வில் பெயர் எழுதாத ஒரு குப்பியைக் கொடுப்போம். உள்ளே இருப்பது அசிடைல்கோலினா, ஹிஸ்டமினா? இரண்டுமே குடலைச் சுருக்கும். கோட்டைப் பார்த்துப் பிரித்தறிய முடியாது. அட்ரோபின் போட்டுப் பார்த்தால் அசிடைல்கோலின் அடங்கும், ஹிஸ்டமின் அடங்காது. மெப்பிரமின் போட்டால் ஹிஸ்டமின் அடங்கும். எது தடுக்கிறதோ அதை வைத்துத்தான் ஒரு பொருள் எந்த ஏற்பியின், அதாவது செல்லில் அது பற்றிக்கொள்ளும் எந்த இடத்தின், வழியாக வேலை செய்கிறது என்று சொல்ல முடியும். ஏற்பியைக் கண்ணால் பார்த்தவர் அன்று யாரும் இல்லை. நாங்கள் அறிந்ததெல்லாம் தடுப்பின் வழியாக அறிந்ததுதான்.

ஹிஸ்டமினைத் தடுக்கும் முதல் பொருளை 1937-ல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் டேனியல் போவேயும் ஆன் மரி ஸ்டாவுபும் கண்டார்கள். அது நோயாளிக்குக் கொடுக்கத் தகுந்ததாக இல்லை. அதன் வழியில் வந்தவைதான் மெப்பிரமினும், நம் வீடுகளில் தடிப்பு, அரிப்பு என்றதும் தேடும் அவிலும். ஆனால் அந்த மருந்துகள் ஒரு வேலையை மட்டும் செய்யவில்லை. ஹிஸ்டமின் கொடுத்தால் இரைப்பையில் அமிலம் பெருகும் என்பது 1920-லேயே போப்பியெல்ஸ்கி நாயில் காட்டியது. எத்தனை அவில் போட்டாலும் அந்த அமிலம் குறையாது. இதயம் வேகமாகத் துடிப்பதும் அடங்காது. 1966-ல் ஹைன்ஸ் ஷில்டும் ஆஷும், பழைய மருந்துகள் தடுக்கும் ஏற்பிக்கு எச்-1 என்று பெயர் வைத்தார்கள். ஒன்று என்று எண் போட்டதிலேயே இரண்டாவது இருக்கிறது என்ற நம்பிக்கை தெரிகிறது. ஆனால் இரண்டாவதைத் தடுக்கும் மருந்து இன்னும் வரவில்லையே.

அதைத் தேடும் வேலையை ஜேம்ஸ் பிளாக் 1964-லேயே தொடங்கியிருந்தார். புரோப்பிரனலால் என்ற இதய மருந்தைத் தந்த கையோடு, இங்கிலாந்தில் வெல்வின் கார்டன் சிட்டியிலிருந்த ஸ்மித் கிளைன் அண்ட் ஃபிரெஞ்ச் ஆய்வகத்துக்கு வந்தார். ஹிஸ்டமின் மூலக்கூற்றையே எடுத்துக்கொண்டு அதன் வாலை மாற்றுவது, வளையத்தை மாற்றுவது என்று கனெலின், டூரன்ட், எம்மெட் முதலிய வேதியியலாளர்கள் செய்துகொண்டே போனார்கள். முதல் நான்கு ஆண்டுகளில் ஏறத்தாழ 200 பொருட்கள், ஒன்றுகூடத் தடுக்கவில்லை. அமெரிக்கத் தலைமையகம் பொறுமை இழந்துகொண்டிருந்த அந்த ஆண்டுகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அந்தக் குழுவின் விடாப்பிடியை எண்ணி வியக்கிறேன். 1972-ல் புரிமமைடு வந்தது. கினிப்பன்றி இதய மேலறையின் துடிப்பையும் அமிலத்தையும் அது தடுத்தது. எச்-2 ஏற்பி ஐயமின்றி நிறுவப்பட்டது. வாய்வழி கொடுத்தால் அது சரியாக உடலில் சேராததால் மெட்டியமைடு செய்தார்கள். அது சில நோயாளிகளின் வெள்ளணுக்களைக் குறைத்தது. மூலக்கூற்றில் கந்தகம் இருந்த பகுதியை மாற்றிச் செய்ததுதான் சிமெட்டிடின். 1976-ல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. இரைப்பைப் புண்ணுக்காக வயிற்றைக் கிழிக்கும் அறுவைகள் அதற்குப் பின் உலகெங்கும் மளமளவென்று குறைந்தன.

மூளைத் தண்டுவட நீரை ஆராய்ந்தவர்கள் கையில் இப்போது இரண்டு வகைத் தடுப்பும் இருந்தன. செல்லுக்குள் நடப்பதைக் காட்டும் அளவுகோலும் தயாராகிவிட்டது. ஒரு ஹார்மோன் செல்லின் வெளிப்புறத்தைத் தொட்டால் உள்ளே சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற தூதுப்பொருள் கூடும் என்று காட்டியதற்காக ஏர்ல் சதர்லேண்டுக்கு 1971-ல் நோபல் கிடைத்தது. 1968-ல் காக்கியுச்சியும் ராலும் முயலின் சிறுமூளைச் சீவல்களில் ஹிஸ்டமின் இந்தத் தூதுப்பொருளை ஏற்றுவதைக் கண்டிருந்தார்கள்.

இடையில் கல்கத்தாவுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. காலராக் கிருமி வெளிவிடும் நஞ்சுதான் குடலிலிருந்து நீரைக் கொட்ட வைக்கிறது என்று முயல் குடலில் 1959-ல் நிறுவியவர் சம்பு நாத் தே. அவருக்கு உயிரோடு இருந்தபோது கிடைத்த மரியாதை மிகக் குறைவு. அது எனக்கு இன்னும் ஆறாத வருத்தம். அந்த நஞ்சு குடல் செல்களில் சைக்ளிக் ஏ.எம்.பி.யை உயர்த்துகிறது என்று தெரிந்தபின், 1977-ல் எப்ஸ்டீன் குழுவினர் அதையே மூளையின் நீரறைகளில் செலுத்திப் பார்த்தார்கள். அங்கும் நீர்ச் சுரப்பு கூடியது. குடலுக்கும் கோராய்டு பிளெக்சஸுக்கும் நீரைத் தள்ளும் பொறி ஒரே வகையானதாக இருக்கலாம் என்ற எண்ணம் அதிலிருந்து வலுத்தது. சுரக்கும் செல்லை வெட்டாமல், அதன் தூதுப்பொருளை ஏற்றி இறக்கிப் பார்க்க முடியும்.

அதைச் செய்த இடங்களில் ஒன்று சான் பிரான்சிஸ்கோவில் ஸ்டான்லி புரூசினரின் ஆய்வகம். நோய் உண்டாக்கும் ஒருவகைப் புரதத்துக்குப் பிரியான் என்ற பெயரை 1982-ல் கொடுத்து, அதற்காக 1997-ல் நோபல் பெற்ற அதே புரூசினர்தான். பிரியானால் உலகம் அவரை அறிகிறது; கோராய்டு பிளெக்சஸில் அவர் குழு செய்த வேலையை எங்கள் துறைக்கு வெளியே யாரும் பேசுவதில்லை. 1981-ல் குரூக், கசகாமி, புரூசினர் மூவரும் மாட்டு மூளையின் பிளெக்சஸிலிருந்து மேல்வரிசைச் செல்களை மட்டும் பிரித்துத் தட்டில் வளர்த்துக் காட்டினார்கள். கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் அதுவரை பிளெக்சஸில் ஏதாவது மாற்றம் தெரிந்தால், அது ரத்தக்குழாயின் வேலையா, நரம்பின் வேலையா, சுரக்கும் செல்லின் வேலையா என்று பிரிக்க முடியாமல் இருந்தது. ஹிஸ்டமின் விஷயத்தில் இந்தக் குழப்பம் மிகப் பெரியது. ரத்தக்குழாய்களை விரிப்பதுதானே அதன் பேர்போன தொழில். தட்டில் வளர்த்த செல்களில் ரத்தக்குழாய் கிடையாது, நரம்பு கிடையாது.

1986-ல் குரூக், ஃபார்பர், புரூசினர் வெளியிட்ட கட்டுரை இந்தச் செல்களில் எச்-2 ஏற்பி இருப்பதைச் சொன்னது. ஹிஸ்டமின் விட்டதும் செல்களுக்குள் சைக்ளிக் ஏ.எம்.பி. ஏறியது. எச்-2 தடுப்புகளைச் சேர்த்தால் அந்த ஏற்றம் அடங்கியது. கரித்தாளுக்குப் பதிலாக வேதியியல் அளவீடு, குடல் துண்டுக்குப் பதிலாகச் செல் தட்டு. கேள்வி மட்டும் எங்கள் தேர்வுக் குப்பியிடம் கேட்ட அதே கேள்வி. இந்தக் கட்டுரையை முதலில் படித்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி பெரிது. வயிற்றுப்புண்ணுக்கென்று செய்த மருந்து, மூளை நீர் ஊறும் இடத்தில் ஏற்பியை இனம் காட்டும் கருவியாகிவிட்டது.

அந்த ஹிஸ்டமின் எங்கிருந்து வரும்? 1984-ல் பின்லாந்து, ஜப்பான் நாட்டு ஆய்வாளர்கள் தனித்தனியே, மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலமஸின் பின்புறத்தில் ஹிஸ்டமினைச் செய்யும் நரம்பணுக்கள் குழுமியிருப்பதைக் காட்டினார்கள். நாம் விழித்திருக்க அவை வேண்டும். அவிலைப் போட்டால் தூக்கம் வருவது இதனால்தான். மாஸ்ட் செல்களும் ஹிஸ்டமினை வைத்திருப்பவையே. 1991-ல் எச்-2 ஏற்பியின் மரபணுவே பிரிக்கப்பட்டது. தடுப்பின் வழியாக மட்டும் அறிந்திருந்த ஒன்றுக்கு அப்போதுதான் அமினோ அமில வரிசை கிடைத்தது.

1992-ல் பூனைகளுக்குச் சிமெட்டிடினும் ரானிடிடினும் கொடுத்து மூளை நீரை அளந்தார்கள், சுரப்பு குறைந்தது. ஆனாலும் மூளை நீரின் சுரப்பைக் குறைக்க இன்றும் வார்டில் எழுதுவது அசெட்டசோலமைடுதான். அதுகூட சிறுநீர் பெருக்கவென்று செய்த மருந்து. அது மூளை நீரைக் குறைக்கும் என்று 1954-ல் சிர்கி காட்டினார். எச்-2 மருந்துகள் ரத்தத்திலிருந்து மூளைக்குள் குறைவாகவே நுழைகின்றன. சிறுநீரகம் தளர்ந்த முதியவர்களில் சிமெட்டிடின் கூடுதலாகத் தங்கிக் குழப்பத்தையும் உண்டாக்குவதுண்டு. நீர் கோத்த குழந்தைக்கு எஞ்சுவது நீரை வடிக்கக் குழாய் வைப்பது, இல்லாவிட்டால் டேண்டியின் வழி. உகாண்டாவின் எம்பாலே நகரத்தில் பெஞ்சமின் வார்ஃப் அந்த வழியை எண்டோஸ்கோப்போடு திரும்பக் கொண்டுவந்தார். மூன்றாம் அறையில் துளையிட்டு, கூடவே பிளெக்சஸையும் சுட்டுவிடுவது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் துளை மட்டும் போட்டபோது 47 சதவீதமாக இருந்த வெற்றி, சுடுவதையும் சேர்த்தபோது 66 சதவீதமாயிற்று என்று 2005-ல் அவர் எழுதினார். நீர் குறைவதால் இந்தப் பலனா, பிளெக்சஸின் துடிப்பு அடங்குவதால் வந்ததா என்று நரம்பு அறுவை மருத்துவர்கள் இன்னும் வாதாடுகிறார்கள்.

எச்-2 ஏற்பியைத் தடுக்கும் முதல் பொருளைக் காணவே வெல்வின் குழுவுக்கு எட்டு ஆண்டும், ஒரு நிறுவனத்தின் பணமும் வேண்டியிருந்தன. வயிற்றுப்புண் பணக்கார நாடுகளிலும் உண்டு, மாத்திரை விற்கும். எம்பாலேயில் தாயின் மடியில் தலை பெருத்துக் கிடக்கும் குழந்தைக்காக, கோராய்டு பிளெக்சஸை மட்டும் குறிவைத்து அப்படி எட்டு ஆண்டு உட்கார ஒரு மருந்து நிறுவனமும் முன்வரவில்லை என்பது என் மனக்குறை. மாட்டுச் செல்களில் 1986-ல் காட்டப்பட்ட ஏற்பி அங்கேயே இருக்கிறது. முதுகலை மாணவர்கள் ஆய்வுத் தலைப்பு கேட்டு வீட்டுக்கு வரும்போது இன்றும் இதைத்தான் முதலில் சொல்கிறேன்.